எவ்வளவுன்னு எழுத?

போன தை மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம். என்னோடு பி.காம். படித்த நண்பனின் அண்ணன் மகளுக்கு. முகூர்த்தம் முடிந்து பந்தியில் இடம் கிடைக்கிறவரை ஃபேன் காற்று வருகிற இடமாகத் தேடி உட்கார்ந்தேன். அது மொய் மேஜைக்குப் பக்கத்து நாற்காலியாக அமைந்துவிட்டது.

மொய் எழுதியவர் நண்பனின் மாமா. நீள நோட்டு, மூன்று கட்டம். பெயர், ஊர், தொகை. தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டே போனார்.

"பேரு சொல்லும்மா."

சொன்னாள். கல்யாணப் பெண்ணோடு காலேஜில் படித்தவள் போலிருக்கிறது.

"ஊரு?"

"உறையூர்."

"எவ்வளவுன்னு எழுத?"

அந்தப் பெண் ஒரு ஷூ டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே 51 தாமரைப் பூ. எல்லாம் காகிதம். கத்தரி படாமல், பசை படாமல், ஒரு பூவுக்கு ஒரு தாள் என்று மடித்தே செய்தது. "காசு இல்ல அங்கிள். நானே செஞ்சது."

மாமா டப்பாவைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். தொகைக் கட்டத்தில் சின்னதாக ஒரு கோடு போட்டார். "அடுத்து யாருப்பா?"

அந்தக் கோடு என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வணிகவியல் படித்தவனுக்குக் கணக்கில் காலிக் கட்டம் என்றால் தூக்கம் வராது.

மொய்யைக் கிண்டல் செய்யப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். மொய் ஒரு நல்ல ஏற்பாடு. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து என்று ஒன்று நடத்துகிறார்களே, அது பாங்க்காரர்களே பார்த்துப் பொறாமைப்பட வேண்டிய விஷயம். வட்டி இல்லை, ஜாமீன் இல்லை, நோட்டு மட்டும்தான். நான் வைத்தது 501. நாளைக்கு என் வீட்டு விசேஷத்தில் 501 திரும்பி வரும், கௌரவம் பார்க்கிறவர்களாக இருந்தால் 1,001. பற்றும் வரவும் நேராகிவிடும்.

ஆனால் நேராகிவிடுகிற ஒன்றைப் பரிசு என்று சொல்லலாமா? அதுதான் கேள்வி.

சரி, கோட்டுக்குப் பதில் ஒரு தொகை போட்டுப் பார்ப்போம் என்று பந்தியில் அந்தப் பெண்ணிடமே விசாரித்தேன். ஒரு பூவுக்கு எட்டு நிமிஷமாம். 51 பூவுக்கு 408 நிமிஷம். ஏறக்குறைய ஏழு மணி நேரம். திருச்சியில் பஸ் ஏறினால் மெட்ராஸ் போய்ச் சேர்ந்துவிடலாம். தாள் செலவு ஒன்றுமே இல்லை. ஆக, மூலப்பொருள் பூஜ்யம், கூலி ஏழு மணி நேரம். கூலியை எந்த ரேட்டில் போடுவது? கொத்தனார் ரேட்டா, ஆடிட்டர் ரேட்டா? இந்த இடத்தில் என் காஸ்ட் அக்கவுன்டன்ஸி நின்றுவிட்டது. ரசமும் வந்துவிட்டது.

* * *

இதைப் படித்துவிட்டு, 'ஆஹா, இனிமேல் கையால் செய்த பரிசுதான்' என்று கிளம்பிவிடாதீர்கள். கையால் செய்தது என்பதாலேயே ஒன்று உயர்ந்துவிடாது. சில உண்மைகளைப் பேசியாக வேண்டும்.

கடையில் வாங்கின சுவர்க் கடிகாரம் பிடிக்கவில்லை என்றால் பரணில் போடலாம். அடுத்த கல்யாணத்துக்குப் பேப்பரை மாற்றித் தள்ளிவிடலாம். (நீங்கள் செய்ததில்லையா? சத்தியமாக?) கையால் செய்ததை அப்படித் தள்ள முடியாது. வைத்துக்கொள்ள இடம் இல்லை, தூக்கிப்போட மனசு இல்லை. தூசி தட்டினால் கசங்கும். கொடுத்தவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஷோகேஸை ஒரு பார்வை பார்ப்பார். பரிசு என்ற பெயரில் ஒரு மேற்பார்வையாளரை வீட்டில் உட்கார வைத்த மாதிரி.

இன்னொரு ரகம் இருக்கிறது. 'ஹேண்ட்மேட்' என்று லேபிள் ஒட்டி விற்கிறார்களே, அது. ஆர்டர் கொடுத்தால் 100 கொக்கு மடித்து, கண்ணாடி ஜாடியில் போட்டு, ரிப்பன் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். மடித்தவருக்கு அது பிழைப்பு, அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கொடுக்கிறவர் என்ன கொடுத்தார்? வேறு ஒருவரின் மணி நேரத்தை. அதற்கு ஒரு கவரில் பணத்தையே போட்டு நீட்டலாம். ஒரு ரூபாய்க் காசு ஒட்டின கவர் மூலைக்கு மூலை கிடைக்கிறது.

காகித மடிப்புக்குப் பேர் போன ஜப்பானிலேயே இந்தச் சங்கடம் உண்டு. ஹிரோஷிமா அமைதிப் பூங்காவுக்கு உலகம் முழுவதிலும் இருந்து வருஷத்துக்குச் சுமார் ஒரு கோடி காகிதக் கொக்குகள் வருகின்றன. எடை 10 டன் என்கிறார்கள். அன்புதான், ஆனால் 10 டன் அன்பை எங்கே வைப்பது? அரைத்து மறுபடி காகிதம் ஆக்குகிறார்கள். பூகம்பம் வந்த ஊரில் ஜனங்கள் போர்வைக்கும் தண்ணீருக்கும் தவிக்கும்போது ஆயிரம் கொக்கு கோத்து அனுப்புவது யாருடைய திருப்திக்கு என்று அங்கேயே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

ஆகவே, கையால் மடித்த பரிசில் ஒசத்தி எது, ஒப்பேற்றல் எது என்று பிரித்துப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். அதைத் தேடிக்கொண்டு நான் ஜப்பானுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. திருச்சி ரெவின்யூ ஆபீசிலேயே கிடைத்தது.

* * *

டி. சுந்தர ராவ் என்று ஒருவர். 1853-ல் பிறந்தவர். கும்பகோணம் காலேஜில் 1874-ல் பட்டம் வாங்கி, திருச்சியில் வருவாய்த் துறையில் வேலை பார்த்து 1913-ல் ரிடையர் ஆனவர். பகலில் கிஸ்தி, ஜமாபந்தி. மற்ற நேரத்தில் கணிதம். 1893-ல் சென்னை அடிசன் கம்பெனி இவருடைய ஒரு புத்தகத்தை வெளியிட்டது. 'ஜியோமெட்ரிக்கல் எக்ஸர்சைஸஸ் இன் பேப்பர் ஃபோல்டிங்'. காகிதத்தை மடித்தே வடிவ கணிதம் சொல்லித்தருகிற புத்தகம்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று முன்னுரையில் அவரே சொல்லிவிடுகிறார். கிண்டர்கார்டன் முறையில் குழந்தைகளுக்கு வரிசையாகச் சில விளையாட்டுச் சாமான்கள் கொடுப்பார்கள். ஜெர்மனிக்காரர் ஃப்ரோபெல் ஆரம்பித்து வைத்தது. அவற்றுக்கு 'கிஃப்ட்' என்றே பெயர். அதில் எட்டாவது கிஃப்ட் காகித மடிப்பு. 200 வண்ணச் சதுரத் தாள், மடிக்க ஒரு பட்டை, எப்படி மடிப்பது என்று படம். எல்.கே.ஜி. சமாசாரம். அதைப் பார்த்துவிட்டு ஒரு நடுவயது உத்தியோகஸ்தர் தானும் தரையில் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்திருக்கிறார்!

புத்தகம் ஒரு சதுரத்தில் ஆரம்பிக்கிறது. ஓரம் கோணலாக இருக்கும் ஒரு தாளிலிருந்து ஸ்கேலே இல்லாமல் நேர்கோட்டை வரவழைத்து, நேர்கோட்டிலிருந்து சதுரம். அப்புறம் சமபக்க முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம் என்று ஏறிக்கொண்டே போய், பித்தாகரஸ் தேற்றத்தைத் தொட்டு, கூட்டுத்தொடர், பெருக்குத்தொடர் எல்லாம் மடித்துக் காட்டி, நீள்வட்டம், பரவளையம் வரைக்கும் போய்விடுகிறார். பள்ளிக்கூடத்துக்கு உபயோகப்பட வேண்டும், கூடவே சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் மலிவான பொழுதுபோக்காகவும் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மலிவு என்பதைச் சொல்ல அவர் வெட்கப்படவே இல்லை, கவனியுங்கள்.

ஜெர்மன் கணித மேதை ஃபெலிக்ஸ் க்ளைன் தன் நூல் ஒன்றில் இதைக் குறிப்பிட்டார். அதை மொழிபெயர்த்த இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள், பெமனும் ஸ்மித்தும், யார் இந்த இந்தியர் என்று தேடிப் பிடித்து, 1901-ல் சிகாகோவில் புத்தகத்தை மறுபடி கொண்டுவந்தார்கள். மடித்த தாள்களையே படம் பிடித்துச் சேர்த்தார்கள். 1966-ல் டோவர் பதிப்பு. இன்றைக்கு இன்டர்நெட்டில் சும்மாவே கிடைக்கிறது.

குறை இல்லையா என்றால், உண்டு. பண்டிதத்தனமான நடை. குழந்தைகள் கிஃப்ட்டில் தொடங்கின புத்தகத்தில் குழந்தைக்கென்று ஒரு கொக்கோ, கப்பலோ கிடையாது. 'மலிவான பொழுதுபோக்கு' என்று நம்பிப் பிரித்தால் நாலாவது பக்கத்தில் நமக்கு வியர்க்கிறது. பெரிய குறை இன்னொன்று. கனமூலத்தை மடிப்பால் கண்டுபிடிக்க முடியாது என்கிற தொனியில் எழுதிவிட்டார். முடியும் என்று 1936-ல் இத்தாலியக் கணித அறிஞர் மார்கெரிட்டா பெலோக் காட்டினார், ஒரே ஒரு புது மடிப்பை வைத்து.

எனக்கு இந்தப் புத்தகத்தில் மிகவும் பிடித்தது அந்தத் தப்புதான் என்றால் நம்புவீர்களா? ராவ் தன் வித்தையை மூடி வைத்திருந்தால் தப்பும் மூடியே கிடந்திருக்கும். இந்த இடத்தில் மடி, இப்படித் திருப்பு, இந்தக் கோடு ஏன் வந்தது தெரியுமா என்று ஒவ்வொரு மடிப்பையும் பிரித்து வைத்துவிட்டார். பிரித்து வைத்ததால்தான் யாரோ தொடர முடிகிறது, திருத்த முடிகிறது. ஃப்ரோபெலிடம் வாங்கின கிஃப்ட்டை அவர் ஃப்ரோபெலுக்குத் திருப்பவில்லை. முகம் தெரியாத அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டார். மொய்க் கணக்கில் இது பெரிய பிழை. பரிசு என்று பார்த்தால் இதுதான் சரி.

* * *

இதை மனசில் வைத்துக்கொண்டு ஜப்பானை மறுபடி பாருங்கள்.

அகிரா யோஷிசாவா. 1911-ல் பிறந்து 2005-ல் மறைந்தவர். ஓரிகாமியைக் கலை என்ற அந்தஸ்துக்கு உயர்த்தியவர். தாளை லேசாக ஈரப்படுத்தி மடிக்கிற முறை அவர் கண்டுபிடிப்பு. நெடுநாள் வறுமையில் கிடந்தவர். ஆனாலும் தான் மடித்த உருவங்களை விற்றதே இல்லை என்கிறார்கள். கொடுப்பார், கண்காட்சிக்கு இரவல் தருவார், விலை கிடையாது.

சடாகோ சசாகி கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது இரண்டு வயது. 1955-ல் ரத்தப் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் இருந்தவர்களுக்கு நகோயா ஊரிலிருந்து காகிதக் கொக்குகள் பரிசாக வந்தன. அதைப் பார்த்துத்தான் அவளும் மடிக்க ஆரம்பித்தாள், மருந்து சுற்றி வந்த தாள் வரைக்கும் விடாமல். அந்த வருஷம் அக்டோபரில் இறந்துபோனாள். 644 தான் மடித்தாள் என்று ஒரு பிரபல கதைப் புத்தகம் சொல்லும். இல்லை, ஆயிரத்தைத் தாண்டிவிட்டாள் என்று குடும்பத்தார் சொல்கிறார்கள். பாருங்கள், அங்கேயும் நமக்கு 'எவ்வளவுன்னு எழுத' கவலைதான்.

எண்ணிக்கையை விடுங்கள். அவள் கையால் மடித்து மிஞ்சியிருந்த கொக்குகளில் ஒன்றை, 2015-ல் அவள் குடும்பம் அமெரிக்காவில் ட்ரூமன் நூலகத்துக்குக் கொடுத்தது. குண்டு போடச் சொன்ன அதே ட்ரூமன். இதை நோட்டில் பற்று என்று எழுதுவீர்களா, வரவு என்றா? அடுத்த வருஷம் மே மாதம் ஒபாமா ஹிரோஷிமா போனபோது, தானே மடித்ததாகச் சொல்லி நாலு கொக்கு எடுத்துப் போனார். இரண்டைப் பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். இரண்டை அருங்காட்சியகத்தில் வைத்தார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் உச்சரிக்கவில்லை. அரசியல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். ஆனால் உலகத்தின் பெரிய கஜானா ஒன்றை வைத்திருந்த மனிதருக்கு, அந்த ஊருக்கு எடுத்துப்போக விலையுள்ள எதுவும் பொருந்தவில்லை என்பதை யோசியுங்கள்.

10 டன் கொக்கும் இந்த நாலு கொக்கும் ஒரே மடிப்புதான். வித்தியாசம், யாருக்கு என்று தெரிந்து மடித்ததா என்பதில் இருக்கிறது.

நம் ஊருக்கு இது புதுசும் இல்லை. சித்திரைத் தேர் சமயத்தில் ஸ்ரீரங்கத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக்களைந்த மாலை வருகிறது. கூடவே ஒரு கிளி. பொன் கிளி இல்லை, இலைக் கிளி. மரவள்ளி இலையை மடித்து உடம்பு, மாதுளம்பூ அலகு. ஸ்ரீவில்லிபுத்தூரில் தினமும் ஒரு கிளி, தினமும் சில மணி நேர வேலை. மறுநாள் அது யாரோ ஒரு பக்தர் கைக்குப் போய்விடும். இவரும் புதிதாக ஒன்று கட்ட உட்கார்ந்துவிடுவார். வாடிவிடுமே என்று யாரும் அதை உலோகத்தில் வார்த்து வேலையை மிச்சப்படுத்தவில்லை. ரங்கநாதர் சொத்துக் கணக்கில் நகை உண்டு, நிலம் உண்டு. இலைக் கிளிக்கு அதில் எந்தக் கட்டம்?

* * *

இவ்வளவு பேசுகிறேனே, என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்.

நான் எட்டாவது படித்தபோது ஸ்ரீரங்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பழைய ஃபாரம், காலண்டர் தாள், கையில் அகப்பட்டதை மடித்துக்கொண்டிருப்பார். காலாண்டில் கணக்கில் 31 மார்க் வாங்கிவிட்டு, வீட்டில் வாங்கின உதையோடு நான் வாசலில் நின்ற நாளில் கூப்பிட்டு ஒரு பச்சைத் தவளை கொடுத்தார். முதுகில் விரலை அழுத்தி விட்டால் தாவும்.

"பிரிச்சுப் பார்ரா. கணக்கு உள்ளதான் இருக்கு."

பிரித்தால் திரும்ப மடிக்க வராதே என்று நான் பிரிக்கவில்லை. "நாளைக்கு வா, சொல்லித்தரேன்" என்றார். நாளைக்கு கிரிக்கெட் இருந்தது. அதற்கு அடுத்த நாளும். அந்த வருஷம் போகிக்கு அலமாரியைக் காலி செய்தபோது, "இது வேணுமாடா?" என்று அம்மா கேட்டாள். "வேணாம்மா" என்று நானே வாங்கித் தீயில் போட்டேன். நிமிர்ந்தால் திண்ணையில் தாத்தா. ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு வருஷத்தில் போய்விட்டார்.

கல்யாணத்துக்குப் போய்வந்த அன்று ராத்திரி யூடியூபில் அந்தத் தவளையைத் தேடினேன். நாலு நிமிஷ வீடியோ. மடித்துவிட்டேன், தாவவும் தாவியது. வித்தையை யாரும் சொல்லித்தந்துவிடுகிறார்கள். 31 மார்க் வாங்கின பையனுக்கென்று மடிக்க அன்றைக்கு ஒருத்தர்தான் இருந்தார்.

ஆகவே, நீங்கள் யாருக்காவது மடித்துக் கொடுப்பதாக இருந்தால் என் சிபாரிசு இது. நூறு வேண்டாம், ஆயிரம் வேண்டாம். வாங்குகிறவர் யார் என்று யோசித்து ஒன்று. ஷோகேஸில் வைத்தாயா என்று பிற்பாடு விசாரிக்காதீர்கள். பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் 'நாளைக்கு' என்றால், அடுத்த நாள் நீங்களே போய்க் கதவைத் தட்டுங்கள். தாத்தா அதைச் செய்யவில்லை என்பது மட்டும்தான் எனக்கு அவரிடம் குறை.

போன வாரம் நண்பனுக்கு போன் போட்டு அந்த ஷூ டப்பா என்ன ஆச்சு என்று கேட்டேன். அவன் எந்த டப்பா என்றான். வற்புறுத்தித் தேடச் சொன்னேன். பரணில், பிரிக்காத டின்னர் செட்டுகளுக்கு நடுவில் கிடைத்ததாம். எண்ணச் சொன்னேன். இந்த மாதிரி ஒரு சிநேகிதன் யாருக்கும் வாய்க்கக் கூடாது என்று திட்டிக்கொண்டே எண்ணினான்.

"நாப்பத்தொம்பது இருக்குடா. ஒண்ணை அவ பெங்களூருக்கு எடுத்துக்கிட்டுப் போயிருக்கா போல."

"இன்னொண்ணு?"

"வெறும் தாளா கிடக்கு. பூராவும் மடிச்ச கோடு."

அந்த மொய் நோட்டு இன்னும் உங்க மாமாகிட்ட இருக்கா என்று கேட்டேன். எதுக்கு என்றான். ஒண்ணுமில்லை, அந்தக் கட்டத்தில் கோடு சரியாத்தான் போட்டிருக்கார் என்று சொல்லி வைத்துவிட்டேன்.